மடங்கும் வால்: சிறு காற்றாலையின் மிகைவேகமும் அதை அடக்கும் வழிகளும்

சுழலும் காற்றாலையைக் கட்டுக்குள் வைத்திருப்பது அதன் ஜெனரேட்டரின் சுமை. இறக்கைகள் காற்றிலிருந்து வாங்கும் திறனும் ஜெனரேட்டர் இழுக்கும் திறனும் எந்த வேகத்தில் சமமாகின்றனவோ அந்த வேகத்தில் சுழலி நிலைகொள்கிறது. இந்தச் சமநிலை குலைய இரண்டு வழிகள் உண்டு. ஜெனரேட்டர் தாங்கும் அளவை மீறிக் காற்று அடிக்கலாம். அல்லது சுமை திடீரென்று அறுந்துபோகலாம். புயலை நினைத்துப் பயப்படாத ஆலைக்காரர் இல்லை. சுமை அறுவதை நினைத்துப் பார்க்காதவர்கள் நிறைய. அப்படிப்பட்டவர்களின் ஆலைகள் மிதமான காற்றிலேயே, வெயிலடிக்கும் பகலிலேயே, இறக்கையைப் பறிகொடுத்திருக்கின்றன.

ஓர் எடுத்துக்காட்டைக் கையில் வைத்துக்கொண்டால் அளவுகள் பிடிபடும். 2.4 மீட்டர் விட்டம், மரத்தில் செதுக்கிய மூன்று இறக்கைகள், நியோடிமியம் காந்தம் பதித்த இரண்டு எஃகுத் தட்டுகள், அவற்றுக்கு நடுவே பிசினில் வார்த்த செம்புக் கம்பிச் சுருள்கள், பின்னால் கீலில் மடங்கும் ஒரு வால். வீட்டுப் பட்டறைகளில் விரும்பிச் செய்யப்படும் இந்த வடிவம் ஸ்காட்லாந்தின் வடமேற்குக் கரையிலுள்ள ஸ்கோரெய்க் தீபகற்பத்தில் உருப்பெற்றது. அந்த ஊருக்குச் சாலை கிடையாது. படகில் போக வேண்டும், இல்லாவிட்டால் நடக்க வேண்டும். பொது மின்கம்பியும் எட்டாத இடம். 1970களில் அங்கே குடியேறிய ஹியூ பிகாட், கையில் கிடைத்த பழைய இரும்பைக் கொண்டு ஆலை கட்டத் தொடங்கி, பழைய வண்டியின் பிரேக் டிரம்மைக்கூட ஜெனரேட்டராக்கிப் பார்த்து, கடைசியில் யாரும் செய்யக்கூடிய இந்த எளிய வடிவத்துக்கு வந்து சேர்ந்தார். பெருவிலும் இலங்கையிலும் மின்கம்பி எட்டாத கிராமங்களில் பேட்டரி ஏற்றுவதற்கான சிறு காற்றாலைத் திட்டத்துக்காக, காந்த ஜெனரேட்டர் செய்யும் கையேடு ஒன்றை 2001இல் அவர் எழுதினார். இன்று பல நாடுகளில் பயிலரங்குகளில் கட்டப்படும் ஆலைகள் பெரும்பாலும் அவர் வழி வந்தவையே.

2.4 மீட்டர் சுழலி வளைக்கும் வட்டத்தின் பரப்பு சுமார் 4.5 சதுர மீட்டர். வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் வீசும் காற்று அந்த வட்டத்தின் வழியே கொண்டுபோகும் திறன் 340 வாட். நல்ல இறக்கை அதில் மூன்றில் ஒரு பங்கைப் பிடித்தால் 110 வாட் சொச்சம் கிடைக்கும். காற்று 10 மீட்டருக்கு, அதாவது மணிக்கு 36 கிலோமீட்டருக்கு, ஏறினால் வட்டத்தில் 2,700 வாட். தண்டுக்கு வருவது 900. மறுபடி இரட்டித்து 20 மீட்டரானால் தண்டில் 7,000 வாட்டுக்கு மேல் வந்து நிற்கும். வேகம் இரட்டிக்கும்போதெல்லாம் திறன் எட்டு மடங்காகிறது என்பது காற்றின் இயற்கை. 700, 800 வாட்டுக்குச் சுற்றிய சுருளில் 7,000 வாட்டை இறக்கினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அவ்வளவு பெரிய ஜெனரேட்டரை மாட்டுவதும் தீர்வாகாது. அது ஆண்டில் சில மணி நேரத்துக்காகக் கோபுரத்தின் உச்சியில் செம்பையும் காந்தத்தையும் சுமப்பதாகும். இளங்காற்றில் அசையக்கூடச் செய்யாது. ஆகவே ஒரு வேகத்துக்குமேல் காற்றை வேண்டாம் என்று சொல்ல ஆலைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சுமை அறுந்தால் நடப்பது வேறு வகை. சுமையோடு ஓடும்போது இறக்கையின் முனை காற்றைப்போல ஆறு மடங்கு வேகத்தில் போகும். 10 மீட்டர் காற்றில் அது நிமிடத்துக்கு 480 சுற்று. சுமை இல்லாவிட்டால் அதே இறக்கை காற்றைப்போல பத்து மடங்கு வேகத்தை எட்டிவிடும். 15 மீட்டர் காற்றில் சுமையில்லாமல் ஓடினால் சுமார் 1,200 சுற்று. வேகம் இரண்டரை மடங்குதான் கூடியிருக்கிறது. இறக்கையை மையத்திலிருந்து பிடுங்கும் விசையோ வேகத்தின் இருமடிக்கு ஏற்ப, ஆறு மடங்குக்குமேல் கூடிவிடுகிறது. ஒன்றரைக் கிலோ எடையுள்ள இறக்கையின் எடைமையம் அச்சிலிருந்து 45 சென்டிமீட்டரில் இருக்கிறது என்று வைத்தால், 480 சுற்றில் அதை வெளியே இழுப்பது 170 கிலோ எடைக்குச் சமமான விசை. 1,200 சுற்றில் அது ஒரு டன்னைத் தாண்டும். நாலைந்து போல்ட்டும் இரண்டு பிளைவுட் வட்டமும்தான் அதைப் பிடித்து நிற்கின்றன.

சுமை எப்படி அறும்? பெரும்பாலும் அற்பக் காரணங்களால். பேட்டரிக்கும் ஆலைக்கும் நடுவிலுள்ள ஃபியூஸ் உருகும். கோபுரத்துக்குள் தொங்கும் கேபிள் முறுக்கேறி ஏறி ஒருநாள் பிய்த்துக்கொள்ளும். உப்புக்காற்றில் இணைப்பு முனை பச்சை பூத்து விடும். லித்தியம் பேட்டரியானால் அதற்குள் இருக்கும் காவல் பலகை, பேட்டரி நிரம்பியதும் யாரையும் கேட்காமல் இணைப்பைத் துண்டிக்கும். மின்வாரியக் கம்பியோடு சேர்ந்து ஓடும் இன்வர்ட்டரானால், ஊரில் கரண்ட் போன நொடியில் சட்டப்படி அது தன்னை அணைத்துக்கொள்ள வேண்டும். காற்று பலமாக அடிக்கும் நாளில்தானே கரண்டும் போகிறது.

இவற்றோடு சேர்க்க வேண்டிய இன்னொரு தவறு, சூரியத் தகட்டுக்காக விற்கப்படும் சார்ஜ் கன்ட்ரோலரைக் காற்றாலைக்கு மாட்டுவது. அந்தக் கருவி பேட்டரி நிரம்பியதும் தகட்டைத் துண்டித்துவிடும்படி செய்யப்பட்டது. துண்டிக்கப்பட்ட தகடு வெயிலில் சும்மா காயும். அதற்கு ஒரு கெடுதலும் இல்லை. துண்டிக்கப்பட்ட காற்றாலை அவிழ்த்துவிட்ட காளை. காற்றாலைக்கான கன்ட்ரோலர் எப்போதும் ஆலையைப் பேட்டரியோடு விட்டுவிட்டு, மிஞ்சும் மின்சாரத்தை மட்டும் வேறொரு சுமைக்குத் திருப்ப வேண்டும். டம்ப் லோடு என்று சொல்லப்படும் அந்தச் சுமை வழக்கமாக ஒரு ஹீட்டர் சுருள்.

அந்த ஹீட்டரைத் தேர்வதிலும் சறுக்கல் உண்டு. வாளியில் போட்டு வெந்நீர் வைக்கும் 1,500 வாட் ராடு வீட்டில் கிடக்கிறதே என்று எடுத்து மாட்டுவார்கள். 230 வோல்ட்டில்தான் அது 1,500 வாட். அதன் மின்தடை 35 ஓம். 24 வோல்ட் பேட்டரி நிரம்பி 28 வோல்ட்டில் நிற்கும்போது அந்த ராடு வாங்குவது 22 வாட். ஓர் இரவு விளக்குக்குத்தான் அது காணும். 35 ஆம்பியர் வரை தரும் 24 வோல்ட் ஆலைக்கு 0.8 ஓமுக்கு மேற்படாத சுருள் தேவை. அது தொடர்ந்து ஆயிரம் வாட்டைக் கக்கினாலும் சிவக்காமல் இருக்க வேண்டும். கூடவே சுவரிலிருந்து தள்ளி, காற்றோட்டமாக, இரும்புக் கூட்டுக்குள் இருக்க வேண்டும். தண்ணீர்த் தொட்டியில் வைத்தால் சூடு வீணாகாது என்பது நல்ல யோசனையே. ஆனால் தண்ணீர் கொதித்து வற்றினால் சுருள் எரியும், சுருள் எரிந்தால் சுமை போகும், சுமை போனால் ஆலை போகும். இரண்டு சுருள்களும் இரண்டு ரிலேக்களும் தனித்தனியாக வைப்பவர்கள் ஒன்று செத்தாலும் தப்பிக்கிறார்கள்.

சுமை அறும்போது வோல்ட்டேஜும் வேகத்தோடு ஏறும் என்பதை மறந்துவிடக் கூடாது. காந்த ஜெனரேட்டரின் வோல்ட்டேஜ் சுற்றுக்கு நேர்விகிதத்தில் போவது. பேட்டரி 48 வோல்ட்டில் இறுக்கிப் பிடித்திருந்த கம்பியில், அது விட்ட மறுகணம் 120 வோல்ட்டும் அதற்கு மேலும் வரலாம். அரைகுறையாகத் தொங்கும் கம்பியைத் தொடுபவருக்கு அது உயிராபத்து. அந்தக் கம்பியில் மாட்டியிருக்கும் மின்னணுக் கருவிக்கும் சாவுதான்.

ஆலையை நிறுத்த எல்லாரும் முதலில் கற்றுக்கொள்ளும் வித்தை, ஜெனரேட்டரிலிருந்து வரும் மூன்று கம்பிகளையும் ஒன்றோடொன்று சேர்ப்பது. ஷார்ட் ஆன சுருள் பெரும் மின்னோட்டத்தை இழுக்கிறது. அந்த இழுப்பு இறக்கையை மெதுவாக்குகிறது. மெதுவான இறக்கையில் காற்று ஒட்டாமல் பிரிந்து போவதால் அது மேலும் வலுவிழக்கிறது. சில வினாடிகளில் ஆலை நடைபோடும் வேகத்துக்கு வந்துவிடும். சுருளுக்குள் இரும்பு இல்லாத இந்த வகை ஜெனரேட்டரில் பிரேக் நன்றாகப் பிடிக்கும். மின்மோட்டாரை மாற்றிச் செய்த, இரும்பு உள்ள ஜெனரேட்டரில் வேகம் கூடக் கூட மின்னோட்டம் ஓரளவுக்குமேல் ஏற மறுத்துவிடும். அதிவேகத்தில் பிடியும் தளரும்.

இந்த ஷார்ட் பிரேக்கைச் சரியான இடத்தில் போடுவது முக்கியம். மாறுமின்னோட்டத்தைப் பேட்டரிக்கு ஏற்ற நேர்மின்னோட்டமாக்கும் டையோடுகளுக்கு முன்னால், ஆலையிலிருந்து வரும் மூன்று கம்பிகளில் அது இருக்க வேண்டும். பின்னால் போட்டால் பேட்டரியையே ஷார்ட் செய்யும் அபாயம் உண்டு. கோபுரத்தின் அடியிலேயே சுவிட்சை வைத்தால், நீளமான கேபிளின் மின்தடை பிடியைக் குறைக்காது. வீட்டுக்கு வரும் கேபிள் அறுந்தாலும் பிரேக் வேலை செய்யும். மூன்று கம்பிகளில் ஒன்று தொடர்பில்லாமல் போயிருந்தால் பிடி பாதியாகிவிடும். அது தெரியவருவது தேவைப்படும் நாளில்தான். அதனால் அமைதியான நாட்களில் அவ்வப்போது போட்டுப் பார்ப்பது பட்டறை வழக்கம்.

எப்போது போடுவது என்பதில்தான் அனுபவம் பேசுகிறது. காற்று எழும்புவதற்கு முன்னாலேயே போட்டுவிட வேண்டும். முழு வேகத்தில் ஓடும் ஆலையில் போட்டால் இறக்கையின் அடி நடுங்கும், சுருள் சில நிமிடங்களில் கொதிக்கும். வேறு வழியில்லையென்றால் இரண்டு வீச்சுகளுக்கு நடுவே காற்று சற்று ஓய்கிற தருணத்துக்குக் காத்திருந்து போட வேண்டும். போட்டும் வேகம் இறங்கவில்லை என்றால் எடுத்துவிடுவதே நல்லது. நிற்காமல் ஓடும் ஷார்ட் ஆலையில் காற்றின் திறன் முழுவதும் சுருளிலேயே சூடாக இறங்குகிறது. பிசின் கருகும் வாசனை கீழே நிற்பவர் மூக்குக்கு எட்டும்போது காரியம் முடிந்திருக்கும். சாதாரண தர நியோடிமியம் காந்தம் 80 டிகிரி செல்சியஸுக்குமேல் தன் வலுவை நிரந்தரமாக இழக்கத் தொடங்கும் என்பதும் சேர்ந்துகொள்கிறது: வலுவிழந்த காந்தம், வலுவிழந்த பிரேக், இன்னும் அதிக வேகம்.

மோட்டார் சைக்கிளின் டிஸ்க் பிரேக்கை மாட்டினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. 480 சுற்றில் ஓடும் இந்தச் சுழலிக்குள் தேங்கியிருக்கும் ஆற்றல் 2,000 ஜூலுக்கும் குறைவு. அதை நிறுத்துவது எந்தப் பிரேக்குக்கும் பெரிய வேலை இல்லை. மோட்டார் சைக்கிள் பிரேக்கைப் பிடித்ததும் எஞ்சின் அடங்குகிறது. காற்று அடங்காது. முழுதாக நிற்காமல் உரசிக்கொண்டே இருக்கும் பிரேக்கில் வினாடிக்கு வினாடி ஆயிரக்கணக்கான ஜூல் வந்துகொண்டே இருக்கும். தகடு சிவந்து பட்டை எரிந்துபோகும். நின்ற ஆலையை நிற்கவைத்திருக்க அது உதவும். ஓடும் ஆலையை அடக்க அதை மட்டும் நம்ப முடியாது.

ஆக, மின்சாரத்தைக் கொண்டு செய்யும் எந்தத் தடையும் இரண்டாவது காவல்தான். கம்பி அறுந்தாலும், பேட்டரி செத்தாலும், வீட்டில் யாரும் இல்லாவிட்டாலும் தானாக வேலை செய்யும் ஒன்று முதல் காவலாக இருக்க வேண்டும். சுழலி முழுவதையும் காற்றின் வழியிலிருந்து ஒதுக்கிவிடுவதே அந்த வேலையை எளிதாகச் செய்கிறது.

இந்த யோசனை மின்சாரத்துக்கு முந்தியது. அமெரிக்கப் புல்வெளிகளில் தண்ணீர் இறைக்க வந்த காற்றாலைகள் ஆளில்லாமல் மாதக்கணக்கில் ஓட வேண்டியிருந்தது. கனெக்டிகட்டைச் சேர்ந்த டேனியல் ஹாலடே 1854இல் காப்புரிமை பெற்ற ஆலையில், காற்று மிஞ்சினால் இறக்கைகள் தாமாகக் கோணம் மாறின. விஸ்கான்சினில் பாதிரியாராக இருந்த லியோனார்ட் வீலர் 1867இல் கொண்டுவந்த எக்லிப்ஸ் ஆலையில் அசையும் உறுப்புகள் குறைந்தன. சக்கரம் ஒரே கட்டாக இருந்தது. பக்கவாட்டில் இருந்த ஒரு தகட்டைக் காற்று தள்ள, சக்கரம் வாலை நோக்கி மடங்கி, காற்றுக்கு விளிம்பைக் காட்டி நின்றது. ஓய்ந்ததும் ஓர் எடை அதைத் திரும்பக் கொண்டுவந்தது. இன்றைய வீட்டு ஆலையின் மடங்கும் வால் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே.

அது வேலை செய்யும் விதம் இப்படி. சுழலியின் அச்சு, கோபுரக் குழாயின் நேர்மையத்தில் இருப்பதில்லை. பக்கவாட்டில் தள்ளி வைக்கப்படுகிறது. விட்டத்தில் நூற்றுக்கு நாலு அளவு என்பது பழகிய கணக்கு. 2.4 மீட்டர் ஆலைக்கு அது 10 சென்டிமீட்டர். காற்று சுழலியைப் பின்னோக்கித் தள்ளும்போது, இந்தத் தள்ளிவைப்பினால் தலை முழுவதும் ஒரு பக்கமாகத் திரும்பப் பார்க்கும். அதைத் திரும்பவிடாமல் பிடிப்பது வால். வாலோ நேராக வெல்டு செய்யப்பட்டிருப்பதில்லை. செங்குத்திலிருந்து சுமார் 20 டிகிரி சாய்த்து வைத்த ஒரு கீலில் அது தொங்குகிறது. சாய்ந்த கதவு தானாகச் சாத்திக்கொள்வதுபோல, வால் தன் எடையால் எப்போதும் கீழான இடத்துக்கு வந்து ஒரு தடுப்பில் சாய்ந்து நிற்கும். மடங்க வேண்டுமானால் அது மேலே ஏறியாக வேண்டும்.

காற்று எளிதாக வீசும்வரை வாலின் எடை ஜெயிக்கிறது. 12 மீட்டர் காற்றில் சுழலியைத் தள்ளும் விசை 30 கிலோ எடைக்குச் சற்று மேல். 10 சென்டிமீட்டர் கையில் அது உண்டாக்கும் திருப்பம் 3 கிலோகிராம்-மீட்டர். 6 கிலோ எடை 1.2 மீட்டர் தூரத்தில் இருப்பதுபோன்ற வால், 20 டிகிரி சாய்வில் எதிர்த்து நிற்கக்கூடியது இரண்டரை கிலோகிராம்-மீட்டர் அளவில். இரண்டும் கிட்டத்தட்டச் சமமாகும் அந்த இடத்தில் தலை திரும்பத் தொடங்கும். வால் காற்றின் திசையிலேயே நிற்கும், தலைதான் விலகும். பார்ப்பவர் கண்ணுக்கு வால் மடங்குவதுபோலத் தெரியும். வீச்சு தணிந்ததும் வாலின் எடையே தலையை மறுபடி இழுத்துக் கொண்டுவரும். ஸ்பிரிங் வைத்தும் இதைச் செய்யலாம். ஆனால் ஸ்பிரிங் துருப்பிடிக்கும், களைத்துப்போகும், அறும். எடைக்கு அந்தக் குறை எதுவும் இல்லை.

கணக்கில் வருவதைவிட உண்மையில் ஆலை சற்றுப் பிந்தியே ஒதுங்கும். தலை கொஞ்சம் திரும்பியதும், காற்று தள்ளும் மையம் சுழலியின் எதிர்ப்பக்கத்துக்கு நகர்ந்து, தள்ளிவைத்த தூரத்தின் பலனைக் குறைக்கிறது. அதனால் கணக்குத் தாளை மட்டும் நம்பாமல் அம்மீட்டரைப் பார்த்துத் திருத்துவதே வழி. காற்று ஏற ஏற முள் ஏறி, ஓர் இடத்தில் நின்று, அதற்குமேல் எவ்வளவு அடித்தாலும் அங்கேயே ஆடிக்கொண்டிருக்க வேண்டும். முள் நிற்காமல் ஏறினால் வால் கனம் அதிகம். 7, 8 மீட்டர் காற்றிலேயே தலை திரும்பி நின்றால் வால் இலேசு. அல்லது வால் தகடு சிறியது. இவை இரண்டும் வேறு வேறு நோய்கள். கனம் போதாத வால் மேலே ஏறி மடங்கியிருக்கும். தகடு போதாத வால் ஏறாமலே, தலையோடு சேர்ந்து காற்றுக்குக் குறுக்கே இழுபட்டு நிற்கும். கீழிருந்து தொலைநோக்கியில் பார்த்தால் வித்தியாசம் தெரியும். பிளைவுட் தகட்டை மாற்ற வேண்டிய இடத்தில் எடையைக் கட்டிக்கொண்டு போனவர்கள் சுருளை எரித்திருக்கிறார்கள்.

புதிய ஆலையில் வாலை இலேசாகவே தொடங்குவது நல்லது. முதல் பருவத்தில் கொஞ்சம் மின்சாரம் குறையும், போகட்டும். இரும்புத் துண்டை வாலில் ஒவ்வொன்றாக போல்ட் போட்டுச் சேர்த்து, அம்மீட்டர் முள் வேண்டிய இடத்தில் நிற்கும்வரை கூட்டலாம். எதிர்த்திசையில் போனால், அதாவது கனமான வாலில் தொடங்கிக் குறைக்க நினைத்தால், அந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுப்பது கருகிய சுருள்.

கீல்தான் இந்த அமைப்பின் உயிர்நிலை. ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய், நடுவே கிரீஸ், அவ்வளவே. துருவேறி இறுகினால் வால் மடங்காது, அல்லது மடங்கிய நிலையில் சிக்கி நிற்கும். முன்னது ஆபத்து, பின்னது வெறும் நஷ்டம். வால் இறங்கி வந்து நிற்கும் கீழ்த்தடுப்பு, ஒவ்வொரு வீச்சுக்குப் பிறகும் சுத்தியலடி வாங்குகிறது. அங்கே ஒரு ரப்பர்த் துண்டு இல்லாவிட்டால் வெல்டிங் நாளடைவில் விரியும். மேல்தடுப்பை மறந்துவிட்டால் இன்னும் மோசம்: முழுதாக மடங்கிய வால் அப்படியே போய்ச் சுழலும் இறக்கையில் அடிக்கும். வால்குழாய் கீலோடு சேரும் இடத்தில் குறுக்குத் தாங்கு ஒன்று வைக்காதவர்கள், அதிர்வில் குழாய் பிளந்து வால் கீழே விழக் கண்டிருக்கிறார்கள். வால் விழுந்த ஆலை தறிகெட்டு ஓடாது என்பது இந்த வடிவத்தின் ஒரு நல்ல குணம். தள்ளிவைத்த அச்சின் புண்ணியத்தில் தலை பக்கவாட்டில் திரும்பி, காற்றுக்கு விளிம்பைக் காட்டித் தத்தளித்துக்கொண்டிருக்கும்.

சுமை அறும்போதும் இந்த வால் கைகொடுக்கிறது. சுமையில்லாமல் வேகமெடுத்த சுழலி, காற்றுக்கு ஒரு முழுத் தட்டுபோலத் தடையாக நிற்கும். அதைத் தள்ளும் விசை கூடும். ஆகவே வழக்கத்தைவிடக் குறைந்த காற்றிலேயே தலை ஒதுங்கத் தொடங்கும். இதற்கு நேர்மாறான நிலை பலருக்கு வியப்பைத் தரும். ஜெனரேட்டர் இறக்கைக்கு மிஞ்சிய வலுவோடு இருந்து சுழலியை மெதுவாகவே ஓடவிட்டால், இறக்கையில் காற்று ஒட்டாமல் பிரிந்துவிடும்; பின்னோக்கித் தள்ளும் விசை ஏற வேண்டிய அளவுக்கு ஏறாது; வால் மடங்க மறுக்கும். அமைதியாக, மெதுவாக, சாதுவாகச் சுற்றிக்கொண்டே அந்த ஆலை தன் சுருளைச் சுட்டுவிடும். காந்தத் தட்டுகளின் இடைவெளியை வாஷர் போட்டுச் சில மில்லிமீட்டர் கூட்டினால் ஜெனரேட்டரின் பிடி தளர்ந்து, இறக்கை தன் இயல்பான வேகத்துக்கு வரும். மின்சாரமும் கூடும், வாலும் ஒழுங்காக மடங்கும்.

பக்கவாட்டில் ஒதுங்குவதற்குப் பதிலாக, ஹெலிகாப்டர்போலத் தலையை வானம் பார்க்க நிமிர்த்தும் ஆலைகளும் உண்டு. அதில் வால் நிலையாக இருக்கும். தலை மட்டும் கீலில் பின்னோக்கிச் சாயும். எளிமையான ஏற்பாடுதான். ஆனால் வீச்சு ஓய்ந்ததும் தலை தடாலென்று கீழே விழும். அதை மெதுவாக்க வண்டியின் ஷாக் அப்சார்பர் போன்ற ஒன்று தேவைப்படுகிறது.

இறக்கைகளின் கோணத்தையே மாற்றுவது பொறியியல் நோக்கில் இன்னும் நேர்த்தியானது. மான்டானாவில் பண்ணை வைத்திருந்த ஜேகப்ஸ் சகோதரர்கள் 1920களில் தொடங்கிச் செய்த ஆலைகளில் மையவிலக்கு விசையால் இயங்கும் கவர்னர் இருந்தது. மூன்று இறக்கைகளும் ஒன்றாகத் திரும்பும்படி பிணைக்கப்பட்டிருந்தன. பல பத்தாண்டுகள் ஓடியவை அவை. வீட்டுப் பட்டறையில் அதைச் செய்யப் புகுபவர் ஒன்றை யோசிக்க வேண்டும்: ஓர் இறக்கை மட்டும் திரும்பி மற்ற இரண்டும் சிக்கிக்கொண்டால், மிகைவேகத்தைவிட மோசமான ஆட்டம் வரும். லேத்தும் நுட்பமான கையும் இல்லாதவர்களுக்கு அது உகந்ததல்ல. 1930களில் அமெரிக்கப் பண்ணை வீடுகளில் ரேடியோ பேட்டரி ஏற்றிய வின்சார்ஜர் வேறு வழியில் போனது. இரண்டு இறக்கைக்குக் குறுக்கே இரண்டு வளைந்த தகடுகள் ஸ்பிரிங்கில் ஒட்டிக்கொண்டிருக்கும். வேகம் மிஞ்சினால் அவை விரிந்து காற்றை அலம்பி, சுழலியை மட்டுப்படுத்தும். இது வேகத்தைப் பார்த்தே வேலை செய்வதால் சுமை அறுந்தாலும் பலிக்கும். ஆனால் காற்று கோபுரத்தைத் தள்ளும் விசையை அது குறைப்பதில்லை.

நிலைக்குத்து அச்சு ஆலைகளுக்கு ஒதுங்க இடமே கிடையாது. எந்தப் பக்கக் காற்றும் அவற்றுக்கு ஒன்றே. பீப்பாயைப் பிளந்து செய்யும் சவோனியஸ் வகை காற்றின் வேகத்தைப் பெரிதாகத் தாண்டாது என்பதால் பிழைத்துக்கொள்ளும். மெல்லிய இறக்கை வைத்த டாரியஸ் வகைக்கு நம்பகமான பிரேக் ஒன்று கட்டாயம். அது இல்லாமல் மொட்டைமாடியில் அதை நிறுத்துவது அக்கம்பக்கத்தாருக்குச் செய்யும் அநியாயம்.

வேகத்தை அடக்கினாலும் இறக்கை தன் பங்குக்குத் தாங்க வேண்டும். பி.வி.சி. குழாயை நீளவாக்கில் அறுத்துச் செய்யும் இறக்கை மலிவு, அரை நாளில் முடியும். வெயிலில் சில காலம் கிடந்தபின் அது நொறுங்கும் குணம் பெறுகிறது. உடையும்போது கூரான சில்லாகப் பறக்கிறது. கைக்கடக்கமான மாதிரி ஆலைக்கு அது சரி. 2 மீட்டருக்குமேல் விட்டமுள்ள ஆலைக்கு நேரான இழையுள்ள, முடிச்சில்லாத மரமே நல்லது. இரண்டு இறக்கை போதுமே என்ற சிக்கனமும் வேண்டாம். சுற்றும் தலை திசை திரும்பும்போது பம்பரக் குணத்தால் அச்சில் ஒரு முறுக்கு உண்டாகிறது. இரண்டு இறக்கையில் அது ஒவ்வொரு சுற்றிலும் பூஜ்யத்துக்கும் உச்சத்துக்கும் இடையே தாவி ஆலையை உலுக்கும். மூன்றில் அது சீராக நிற்கும். அடிக்கடி ஒதுங்கித் திரும்பும் ஆலைக்கு இந்த வித்தியாசம் பெரிது. மரங்களுக்கு நடுவே தாழ்வாக நிற்கும் ஆலை சுழல்காற்றில் ஓயாமல் தலையை ஆட்டும்; சுற்றுவட்டாரத்தில் 100 மீட்டருக்குள் இருப்பவை எல்லாவற்றையும்விட 10 மீட்டர் உயரத்தில் சுழலி இருக்க வேண்டும் என்ற பழைய விதி, மின்சாரத்துக்காக மட்டும் சொல்லப்பட்டதில்லை.

காது பழகிவிட்டால் கருவிக்கு முந்தி அது சொல்லிவிடும். நல்ல ஆலை உஸ்ஸென்று ஓடும். முனை கிழியும் சத்தம் கேட்டால் வேகம் மிஞ்சுகிறது. சுற்றுக்கு ஒருமுறை தட்டும் ஒலி வந்தால் இறக்கையில் விரிசலோ தண்ணீர் ஏறிய மரமோ இருக்கலாம். வழக்கமான காற்றில் வழக்கத்துக்கு மீறிய சுருதி கேட்டால், முதலில் போய்ப் பார்க்க வேண்டியது ஃபியூஸை.

ஆண்டுக்கு ஒருமுறையாவது கோபுரத்தை இறக்க வேண்டும். அதனால்தான் சாய்த்து இறக்கக்கூடிய, இழுகம்பி கட்டிய கோபுரம் வீட்டு ஆலைக்கு ஏற்றது. கீலுக்கும் கோபுரத் தலைக்கும் கிரீஸ், எல்லா நட்டுக்கும் ஸ்பேனர், இறக்கையின் முன்விளிம்புக்குப் பெயிண்ட், தொங்கும் கேபிளின் முறுக்கை அவிழ்ப்பது: அரை நாள் வேலை. வால், கையால் தூக்கும்போது தடையில்லாமல் ஏறி, விட்டதும் தானாக இறங்குகிறதா என்பதை அங்கேயே பார்த்துவிடலாம்.

மடங்கும் வாலுக்கும் ஓர் எல்லை உண்டு. கிழக்குக் கடற்கரையில் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏறும் வகைப் புயலில், தலை முழுதாக ஒதுங்கி நின்றாலும் சுழலியும் கோபுரமும் வாங்கும் அடி பலமாகவே இருக்கும். பறந்து வரும் ஓலையும் தகரமும் வேறு. அப்படிப்பட்ட அறிவிப்பு வந்தால், காற்று எழும்புவதற்கு முந்திய நாளே பிரேக்கைப் போட்டு, சுழலி நின்றபின் கோபுரத்தைச் சாய்த்துப் படுக்க வைக்க வேண்டும். படுத்த ஆலையிலும் இறக்கையைக் கயிற்றால் கோபுரத்தோடு கட்டி, வாலைத் தனியே கழற்றி வைத்து, மூன்று கம்பிகளையும் சேர்த்து முறுக்கி விடுவார்கள். தரையில் கிடக்கும் இறக்கைகூடக் காற்றைப் பார்த்தால் சுற்றப் பார்க்கும்.